உவர்

மூன்றாம் நாளும் மூடுபனி.
லூயிஸ்பர்க் கோட்டை வாசலில்
தொளதொளத்த சாம்பல் கோட்டுக்குள் ஒரு பெண்
துப்பாக்கியை நீட்டி
"யாரது? இங்கிலீஷ் ஒற்றரா?" என்கிறாள்.
மணிக்கு இத்தனை டாலர் என்று
கோடைக்கு மட்டும் வாங்கிய கோபம்.
"சுண்ணாம்பு பார்க்க வந்தவள்" என்கிறேன்.
வழிவிடுகிறாள்.

நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்கிறது.
நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்,
ஆய்வகம் கேட்டால் சிரிக்கும்.
உப்பு.

இது அறுபது வயதுச் சுவர்.
இதன் அடியில் கிடக்கும் பழையதற்கும் இதே வியாதிதான்.
கைக்கெட்டிய கடல்மணலை அள்ளிக் குழைத்தார்கள்.
காரை இறுகுமுன்னே குளிர் வந்தது.
ஒவ்வொரு ஏப்ரலிலும் பனியோடு சேர்ந்து
மதிலும் கொஞ்சம் கரைந்தது.
கணக்குப் புத்தகத்தில் மட்டும்
ஒரு கல் சாயாமல் நின்றது கோட்டை.

அத்தனை பீரங்கியும் எதற்கு?
மீனுக்கு.
கரை நெடுகப் பரண் கட்டி
காட் மீனைப் பிளந்து காயவைத்தார்கள்.
ஒரு சாம்ராஜ்யம்
கருவாட்டுக்குக் காவல் இருந்தது.
அழுகிய பயறு தின்ற சிப்பாய்கள்
ஒரு டிசம்பர் விடியலில் முரசறைந்து
தங்கள் அதிகாரிகளையே முற்றுகையிட்டார்கள்.
பீரங்கிகள் கடலைப் பார்த்திருக்க
எதிரி சதுப்பு வழியே, பின்பக்கமாக,
முழங்கால் சேற்றில் வந்தான்.
இரண்டு முறை.

இரண்டாம் முறை பிடித்தவர்கள்
யாருக்கும் இனி வேண்டாமென்று
மதிலடியில் சுரங்கம் தோண்டி, மருந்து வைத்து
ஒரு கோடை முழுக்க வெடித்தார்கள்.
1760.
மறு வருஷமே அதே கொடிக்காரர்கள்
வங்கக் கடலோரம்
இன்னொரு லூயியின் பெயர் வைத்த கோட்டையை
மண்ணோடு மண்ணாக்கினார்கள்.
அந்தப் புதுச்சேரியில்தான் பத்தாவது வரை படித்தேன்.
இரண்டையும் ஒரே கரும்பலகையில்
யாரும் எழுதிக் காட்டியதில்லை.

சாரத்தைப் பிடித்துக்கொண்டு ராடி மக்லெல்லன்
தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றுகிறான்.
"சுரங்கக்காரன் இடித்ததை
சுரங்கக்காரன்தான் கட்டினான், தெரியுமா?"
கேப் பிரெட்டனில் நிலக்கரிக் குழிகள் மூடியபோது
வேலை போனவர்களைக் கூப்பிட்டு
உளியைக் கையில் கொடுத்தது அரசாங்கம்.
அவன் அப்பாவும் அதில் ஒருவர்.
இருபது வருஷம் இருட்டில் குனிந்திருந்த மனுஷன்
வெளிச்சத்தில் நிமிர்ந்து கல் வைக்க
ஒரு மாதம் கண் கூசினாராம்.
கால்வாசி ஊர் எழுந்தது.
மிச்சம் முக்கால்வாசி
புல் மூடிய மேடுகள்,
மேல் ஆடுகள்.

மாதிரியைக் கண்ணாடித் தட்டில் பரப்பி
லென்ஸை இறக்குகிறேன்.
சுண்ணாம்பு. சிப்பி. கடல்மணல்.
நடுவில் கடுகில் பாதியளவு
ஒரு கருப்புத் துகள்.
சூளைக் கரியாகவும் இருக்கலாம்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'உவர்: மிதம்' என்று எழுதி
கையெழுத்துப் போடுகிறேன்.
ராடியிடம் இன்னும் சொல்லவில்லை.