முந்நூற்றுப் பதினோராம் மீட்டர்

மூன்று மூன்று மீட்டராக
பாறையை உருவி மேலே எடுக்கிறது இயந்திரம்.
கழுவி, தகரப் பெட்டியில்
நான் அதை வரிசையாகப் படுக்க வைக்கிறேன்.
பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளை மட்டும் கூட்டி
நூற்றுக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும்.
சம்பளம் அதற்குத்தான்.

மேலூருக்கு வடக்கே ஒரு கரடு.
படிவத்தில் அதன் பெயர் ம-7.
ஊருக்குச் சொன்னது: பாறை ஆய்வு.
எனக்குச் சொன்னது அதைவிட ஒரு வரி கூடுதல்:
உலையில் எரிந்து முடிந்தும் ஆறாத ஒன்றைப் புதைக்க
லட்சம் வருஷம் அசையாத இடம் வேண்டும்.
அந்த வரியை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தொண்ணூற்றாறு.
தொண்ணூற்றெட்டு.
தொண்ணூற்றெட்டு.
"பொண்ணு பாக்கிற மாதிரி பாக்காத" என்றான் எட்வின்.
அவன் துளைபோடும் ஆள், தூத்துக்குடிக்காரன்.
நான் அப்படித்தான் பார்த்தேன்.
இவ்வளவு குறையில்லாத கல் பயமாகவும் இருந்தது.

தென்சரிவில் வழுவழுவென்று வெட்டிய ஐந்து படுக்கைகள்.
தலைமாட்டில் ஒரு வரி எழுத்து.
மதியச் சோற்றை அங்கேதான் தின்பேன்.
இரண்டாயிரம் வருஷத்து எழுத்தாம்;
கடைசியில் இருப்பது 'ன்' என்று நினைக்கிறேன்.
லட்சத்தில் இரண்டாயிரம் போனால்
மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு
பாதியில் விட்டேன்.

ஆடு பத்திக்கொண்டு வந்த மாயழகு அக்காளிடம்
சும்மா கேட்பதுபோல் கேட்டேன்,
யாரும் எந்தக் காலத்திலும் தோண்டக் கூடாதுன்னா
கல்லில் என்னக்கா எழுதலாம்?
"தண்ணி இல்லைன்னு எழுதுங்க."
இரண்டு ஆட்டை விரட்டிவிட்டு வந்து சொன்னாள்:
"அப்பயும் தோண்டுவாக.
எங்க வீட்டில ஆயிரத்து இருநூறு அடி போட்டது
இல்லைன்னு சொன்ன பெறகுதான்."

முந்நூற்றுப் பதினோராம் மீட்டரில்
துண்டு இரண்டாக வந்தது.
உடைந்த முகத்தில் துருவின் நிறத்தில் ஒரு படலம்.
எப்போதோ அந்த வழியாக நீர் நடந்திருக்கிறது.
இப்போதும் நடக்கிறது:
மறுநாள் காலை துளைக்குள் நீர்மட்டம்
நாங்கள் விட்டுப்போனதற்குப் பதினெட்டு மீட்டர் மேலே.

யார் சொன்னார்களோ, எட்டு மணிக்குள் குடங்கள் வந்துவிட்டன.
மந்தையன் வந்தார், தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்.
"போன மாசியில என் கையில காய் நிமிந்த எடத்துக்கு
இது நாலு முழந்தான் தள்ளி" என்று
ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.
யாரோ எட்வினுக்குச் சந்தனம் வைத்தார்கள்.

போனில் அதிகாரி அதிகம் பேசவில்லை.
துளையை அடியிலிருந்து வாய்வரை அடைக்க வேண்டும்.
விதி. நாற்பது மூட்டை சிமெண்ட்.

குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே
நின்று பார்த்தார்கள்.
ஒரு கல்லாவது எறிந்திருக்கலாம்.
மந்தையன் மட்டும் ஒவ்வொரு மூட்டைக்கும் எண்ணிக்கை சொன்னார்,
இருபத்தேழுக்குப் பிறகு அவரும் விட்டுவிட்டார்.

கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: தகுதியற்றது.
ஓர் ஊரைப் பற்றி நான் எழுதியதிலேயே
நல்ல சொல் அதுதான்.
அவர்களுக்கு அதைப் படித்துக் காட்ட வழியில்லை.

தகரப் பெட்டிகளை லாரியில் ஏற்றும்போது
மாயழகு அக்காள் வந்தாள்.
திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.
"அடுத்து எங்க?"
கொட்டாம்பட்டிக்கு அங்கிட்டு, என்றேன்.
ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

"அங்கயா?
என் தங்கச்சிய அங்கதான் குடுத்திருக்கு."
கொஞ்ச நேரம் லாரியைப் பார்த்தாள்.
"அங்க எங்க தோண்டுனாலும்
பொட்டுத் தண்ணி கெடையாதே."