ஆறு அணிகளின் உள்ளூர்

மாதம் பிறந்ததும் சந்தாப் பணத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.
அதில் ஒரு நாள் பிசகியதில்லை.
நாளெல்லாம் சோள லாரிகளை எடைபோட்டுவிட்டு
கழுத்துப் பிசுக்கைக்கூடத் துடைக்காமல்
திரையைத் திறக்கிறேன்.
கறுப்பு.
நடுவில் வெள்ளையாய் ஒரே வரி:
நீங்கள் உள்ளூர் எல்லைக்குள் இருக்கிறீர்கள்.

உள்ளூரா?
கிரெஸ்டனிலிருந்து செயின்ட் லூயிஸுக்கு
ஆறு மணி நேரம்,
பெட்ரோலுக்கு நிற்காமல் போனால்.
மில்வாக்கியும் எனக்கு உள்ளூராம். மினியாபொலிஸும்.
கான்சஸ் சிட்டியும்.
சிகாகோவில் ஒன்று போதாதென்று இரண்டு.
பெரிய லீக் மைதானம் ஒன்றுகூட இல்லாத ஐயோவாவை
ஆறு பேர் தங்கள் பட்டாவில் எழுதிக்கொண்டார்கள்.
பங்காளிச் சண்டையில் பூட்டிய வீடு மாதிரி
யாருக்கும் திறக்காமல் கிடக்கிறோம்.

சேவை மையத்துக்குப் போன் போட்டேன்.
ட்ரெவின் என்றொரு பையன்
அஞ்சல் குறியீட்டைக் கேட்டான்.
சொன்னேன்.
"ஓ" என்றான்.
இதுவரை எனக்குக் கிடைத்த நியாயம்
அந்த ஓ மட்டும்தான்.

குவாமில் என் தம்பி வெண்டல்
கப்பல் பழுதுபார்க்கிறான்.
பசிபிக்கின் அந்தக் கோடியில் எந்தத் தடையும் இல்லை.
எனக்குச் சனிக்கிழமை இரவு
அவனுக்கு ஞாயிறு காலை.
நாளைக்குள் உட்கார்ந்துகொண்டு
என் இன்றைப் பார்க்கிறான்.

போனில் சொல்லுடா என்றால்
சொல்லத் தெரியாது அவனுக்கு.
பந்து எந்தப் பக்கம் போனது என்று சொல்லாமல்
"அடச்சே" என்பான்.
யாருக்கு அடச்சே என்று நான் கத்த வேண்டும்.
நடுநடுவே கரண்டிச் சத்தம், சோள அவல் நொறுங்கும் சத்தம்.
நான் எடைபோட்ட சோளமாகக்கூட இருக்கலாம்,
அதற்கு எந்த எல்லையும் கிடையாதே.

இன்று ஆட்டம் கான்சஸ் சிட்டியில்.
மூன்று மணி நேரத்துக்கும் குறைவான தூரம்.
அரங்கில் பாதி நீலம், பாதி எங்கள் சிவப்பு.
ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று தளத்திலும் ஆள்,
இரண்டு அவுட்.
வெண்டலின் கதவை யாரோ தட்டுகிறார்கள்.
"இரு, ரோவீனா" என்று
போனை மேசையில் வைத்துவிட்டுப் போகிறான்.

மட்டை பட்ட சத்தம்
கடல் தாண்டிப் போய்க் கடல் தாண்டித் திரும்பி
என் காதுக்கு வருகிறது.
பின்னாலேயே கூட்டத்தின் இரைச்சல்.
நீலமா சிவப்பா,
இரைச்சலுக்கு நிறம் தெரியவில்லை.

கறுப்புத் திரையில்
ஒருத்தி எழுந்து நிற்கிறாள்,
காதில் போனை அழுத்திக்கொண்டு.
வெண்டல், சீக்கிரம் வந்து தொலை.