எச்சம்

காலை நாலரை.
அட்டைகள் எங்களுக்கு முன்பே எழுந்துவிட்டிருந்தன.
காலுறைக்குள் புகையிலைத் தூள் தூவி
மடகாஸ்கரின் கிழக்குச் சரிவில் ஏறினோம்.
ஃபியானாரான்சுவா கல்லூரியில் மூன்று வருடம்
கரும்பலகையில் படித்த காடு
இங்கே மேலிருந்து தலையில் விழுந்தது:
முதலில் மழை,
அப்புறம் மூத்திரம்,
அப்புறம்
நாங்கள் எதற்காகக் கழுத்து வலிக்க நின்றோமோ அது.

வாரிகள் ஏழு. கறுப்பு வெள்ளை லெமூர்கள்.
ஒன்று கத்தினால் ஏழும் கத்தும்,
பென்சில் முனை தாளில் நடுங்கும்.
தின்பதைப் பார்க்க வேண்டும்,
கழிவதைப் பொறுக்க வேண்டும்.
'காலேஜ் போயி பீ பொறுக்குறியா?'
போனில் அண்ணன் சிரித்தான்.
ஆமா என்றேன்.
எடையும் போடுவோம்.

நாலாவது எச்சம், முப்பத்தொரு கிராம்.
சியுரி சல்லடையைப் பிடித்தான், நான் ஓடையில் அலசினேன்.
நார், தோல், ஒரு வண்டின் அரை இறக்கை,
பிறகு விரலில் இடறியது ராமி விதை.
மூன்று பட்டை, கல்லின் கனம்.
சாம்பிராணி வாசம் இன்னும் இருந்தது,
அல்லது என் கையில் ஏற்கெனவே ஒட்டியிருந்த பிசினோ.
அகலம் இருபத்தொரு மில்லிமீட்டர்.
இந்தக் காட்டுப் பறவைகளின் அலகளவுகளை
அன்றிரவு மெழுகுவர்த்தியில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.
ஒன்றுக்கும் அவ்வளவு வாய் இல்லை.
ஊளையிடும் அந்த ஏழு தொண்டைகளை விட்டால்
ராமிக்கு வேறு வழியில்லை.
சோறு ஆறிப்போயிருந்தது.

பதினோராம் நாள், நான்காம் கோடு.
இரண்டு கிலோமீட்டர் நேராக நடக்க வேண்டும்,
வளையக் கூடாது.
ஆயிரத்து நானூறாவது மீட்டரில் காடு முடிந்தது.
எரித்த சரிவு. கரிக்கட்டைகளுக்கு நடுவே
முழங்கால் உயரம் மலைநெல்.
படிவத்தில் இனம், எண்ணிக்கை, தூரம்.
நெல்லை எழுத இடமில்லை.

களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
'நீ சியுரிதானே?
ஆறாம் வகுப்புல என்னைப் பாத்துக் கணக்கு எழுதுவியே.'
அவன் காது சிவந்தது.
ஜஃபிசோவா. ஆறோடு நின்றுவிட்டவள்.
என்ன எண்ணுகிறீர்கள் என்றாள்.
சொன்னோம்.
அண்ணனைவிட அதிக நேரம் சிரித்தாள்,
பிறகு கையை நெல்லில் துடைத்துக்கொண்டு
அளவுநாடாவின் மறுமுனையை வாங்கினாள்.
'எங்க நிக்கணும்?'

அவள் சரிவின் நடுவில் ஒரே ஒரு ராமி,
ஒரு பக்கம் மட்டும் கருகி.
இதை ஏன் விட்டாய்?
'நெல்லு அஞ்சு மாசம் வரும்.
மிச்ச மாசத்துக்குப் பிசின் விக்க வேண்டாமா?'
மரத்தடியில் பழம் அழுகிக் கிடந்தது.
விதைகள் இருநூற்றுப் பன்னிரண்டு,
அத்தனையும் எலி கொறித்த ஓட்டை.
நாற்று ஒன்றுகூட இல்லை.
வாரி கடைசியாக எப்போது வந்தது?
இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற சிறுமியைக் காட்டினாள்.
'இவ வயித்துல இருந்தப்போ.'
சிறுமியின் பல்லைப் பார்த்தேன்.
நாலு வருடம் என்று எழுதினேன்.
எந்த நிரல் என்றான் சியுரி.
ஓரத்தில், என்றேன்.

ஓடையில் அலசிய அறுபது விதை என் பையில்.
முகாமில் பாத்தி தயார்,
ஒவ்வொன்றுக்கும் எண் கட்டியாகிவிட்டது.
'வாரி வயித்துக்குள்ள போனது சீக்கிரம் முளைக்குமா?'
அதைத்தான் பார்க்கப் போகிறோம்.
'அப்போ நானும் பாக்கறேன்' என்று கை நீட்டினாள்.
'நாடா பிடிச்ச கூலி. அஞ்சு குடு.'
நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
மாதிரி கலையக் கூடாது.
பயிற்சியின் முதல் நாளே கையெழுத்திட்ட விதி.

சிறுமியின் சட்டைப்பையில்
அவை கற்கள் போலக் குலுங்கின.

அறிக்கையின் ஆறாம் பக்கம்:
விதைகள் ஐம்பத்தைந்து.
குறைவுக்குக் காரணம்:
அலசும்போது ஓடையோடு போயின.

நான் எழுதிய முதல் பொய்த் தரவு.
மழை விட்டதும்
ஐந்து மீட்டர் இடைவெளியா பத்தா என்று
அவள் ஆள்விட்டுக் கேட்டாள்.
பத்து என்று சொல்லியனுப்பினேன்.