குறை

மழை பிடித்துக்கொண்ட ஒரு செவ்வாய்,
மூன்றாம் மாடி, விசாரணை அறை.
உத்தியோகத்தர் சிங்களத்தில் கேட்பார்,
நான் தமிழில் சொல்ல வேண்டும்.
நாட்கூலி மொழிபெயர்ப்பாளன்.

முறைப்பாட்டுக்காரி டெல்றின் மரியாம்பிள்ளை, கொட்டாஞ்சேனை.
விற்றவர் கனகேந்திரன், வெள்ளவத்தை.
பேரம் பேசியது தமிழில்.
"தங்கமான கார் அக்கா, டொக்டர் ஒராள் ஓடினது"
என்றது தமிழில்.
ஏமாந்ததும் தமிழில்தான்.
சட்டத்துக்கு மட்டும் நான் தேவைப்பட்டேன்.

பத்திரத்தில் ஒரு வரி.
வாசிக்கச் சொன்னார்கள்.
"உள்ளது உள்ளபடியே வாங்கிக்கொள்கிறேன்."
உள்ளதை உள்ளபடி சொல் என்றால்
எங்கள் வீட்டில்
உண்மையைச் சொல் என்று அர்த்தம்.
இங்கே
ஒன்றும் சொல்லாமல் விட்டதற்கு அது பெயர்.

டெல்றின் கைப்பையைத் திறந்தார்.
லீசிங் தவணைச் சீட்டுகள்,
பஞ்சிகாவத்தை மெக்கானிக்கின்
எண்ணெய்க் கைரேகை பதிந்த பில்,
கடைசியாக ஒரு தீப்பெட்டி.
உள்ளே பஞ்சின்மேல்
சுண்டுவிரல் நகமளவு நத்தை ஓடு.

"ஸ்பெயார் டயருக்குக் கீழ கிடந்தது சேர்.
நான் இருக்கிறது நாலாம் மாடி.
என்ர காருக்குள்ள களனி ஆறு எப்ப வந்தது?"

சொன்னேன்.
சிங்களத்தில் நத்தை, கொளுபெல்லா.
கொளு என்றால் ஊமை.
உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றி
அந்த ஊமைச் சாட்சியை
வெகுநேரம் பார்த்தார்.
பிறகு கனகேந்திரனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.
குறை இருந்தது தெரியுமா, தெரியாதா?
தெரிந்து மறைத்திருந்தால்
அந்த ஒற்றை வரி
உமக்குக் குடை பிடிக்காது.

நான் வாய் திறக்க முன்பே
"விளங்கீற்றுது" என்றார் அவர்.
"தெரியாது" என்றார்.

குறை.
காரில் இருந்ததும் அதுதான்,
டெல்றின் எழுதிக் கொடுத்ததும் அதுதான்.
தமிழில் ஒரு சொல் போதும்,
சிங்களத்தில் இரண்டு தேடினேன்.

இரண்டு கிழமைத் தவணை.
தீப்பெட்டிக்கு ஓர் இலக்கம் ஒட்டினார்கள்.

கீழே, கார் ஸ்டார்ட் ஆகவில்லை.
பின்னால் நூறாம் இலக்க பஸ்
ஹோனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.
குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
தள்ளத் தொடங்கினேன்.
பக்கத்தில் இன்னொரு சோடிக் கை,
நவரத்தின மோதிரத்தோடு.

"செக்கண்டில போட்டுக் கிளச்சை விடுங்கோ அக்கா,
மழைக்கு இவன் எப்பவும் இப்பிடித்தான்."

எப்பவும்.

கார் ஒருமுறை இருமிப் பிடித்துக்கொண்டது.
பக்கக் கண்ணாடிக்குள்ளிருந்து
டெல்றின் என்னையே பார்த்தார்.
கனகேந்திரன்
நனைந்த கையை நனைந்த காற்சட்டையில் துடைத்தார்.
எனக்கு அன்றைய கூலி
பன்னிரண்டரையோடு முடிந்திருந்தது.