நாற்பத்தைந்தாம் வரி

ரியாதிலிருந்து றைசுதீன் மச்சான்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான்.
கட்டுநாயக்காவில் கேட்டார்களாம், இது என்ன.
கல்குலேட்டர் என்றானாம்.
பொய்யுமில்லை, முழு மெய்யுமில்லை.

ஆதம்பாவா ஹாஜியாரின் ஆலைக்கு அதை விற்று
கிணற்றுக்குக் கட்டு வைத்தான்.
சம்மாந்துறை, எண்பத்துமூன்று, மாசி அறுவடை.
கணக்கப்பிள்ளை நான்.
கொம்பியூட்டர் என் மேசைக்கு வந்தது.

ஒரு சாண் நீளம். கண்ணாடியில் ஒரேயொரு வரி,
வரிக்கு இருபத்துநான்கு எழுத்து.
மேலே பேசினால்
முன்னே சொன்னது இடப்பக்கமாய் விழுந்துபோகும்.
எங்கள் ஆலையில் பலருக்கு
அந்தக் கட்டுப்பாடு நல்லது.

நினைவு ஆயிரத்து நானூற்று இருபத்துநான்கு படி.
படி என்றதும் நான் நெல்லைத்தான் நினைத்தேன்.
அவ்வளவுக்குள் ஒரு ஆலையை அடைக்கவேண்டும்:
நிறையைக் கேள், ஈரத்தைக் கேள்,
பதினான்குக்கு மேலென்றால் கழி,
சாக்குக்குக் கழி,
மிஞ்சியதைக் காட்டு.

வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்றே
இலக்கமிடு என்றது கூட வந்த புத்தகம்;
பிறகு ஏதும் செருக வேண்டி வரலாம்.

வந்தது.
மகரிபு முடித்து ஹாஜியார்
தொப்பியைக் கழற்றாமல் மேசையோரம் நின்றார்.
"தம்பி, அந்தச் சில்லறையை விடு."

நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் இடமிருந்தது.
நாற்பத்தைந்து:
புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டு.
எட்டுத் தட்டல்.
ஒன்பதாவது, ஏற்றுக்கொள்ளும் பொத்தான்.

அரைக் கிலோ, முக்கால் கிலோ, நூறு கிராம்.
எவர் வீட்டு உலையும் அதனால் அணையாது.
வரிசையில் நின்றவர்கள் கண்ணாடியை எட்டிப்பார்த்தார்கள்,
யப்பான்காரன் பொய் சொல்லமாட்டான் என்றார்கள்,
துண்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

வீரமுனை வள்ளிப்பிள்ளை மட்டும் போகவில்லை.
தன் துண்டைப் பார்த்தாள்.
முன்னால் போனவரின் துண்டை வாங்கிப் பார்த்தாள்.
"எல்லாருக்கும் முழுசு முழுசா வருதே தம்பி,
நெல்லு அவ்வளவு ஒழுங்காவா விளையுது?"

ஈரமானியைத் துடைக்கத் தொடங்கினேன்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.

அன்றிரவு பேரேட்டை விரித்து
வெட்டிய துண்டுகளையெல்லாம் அதனிடமே கூட்டக் கொடுத்தேன்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு நிறுவை.
யோசித்து யோசித்துச் சொன்னது:
ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்பது கிலோ.
கோபமில்லாமல், கேள்வியில்லாமல், ஒரே வரியில்.
நான் பார்த்துக்கொண்டிருக்கவே
ஏழு நிமிடத்தில் தானாக அணைந்தது.
எண் போனது.
நெல் எங்கே கிடந்ததென்று எனக்குத் தெரியும்.
நான் திருப்பிக் கொடுக்கவில்லை.
இதை எழுதியாக வேண்டும்.

சித்திரையில் எழுத்துகள் வெளிறின.
நாலு பொத்தான் பட்டரி,
கல்முனையில் மணிக்கூடு திருத்துபவரிடம்
இரண்டு கிழமை சொல்லிவைத்து வாங்கியது.
பழையதைக் கழற்றிய நொடியில்
அது எல்லாவற்றையும் மறந்தது:
ஈரம், சாக்கு, ஹாஜியார், நான்.
புதியதைப் போட்டதும்
ஒரு அம்புக்குறி மட்டும் காட்டியது,
இப்போதுதான் பிறந்ததுபோல.

கசட்டில் பிரதி இருந்தது.
ஏ பக்கம், மச்சான் ரியாதிலிருந்து பேசி அனுப்பியது,
உம்மாவுக்கு ஸலாம், வெயில் பற்றி, சம்பளம் பற்றி.
பி பக்கம் முழுக்க ஒரு கீச்சொலி.
அந்தக் கீச்சுக்குள் எங்கோ
நாற்பத்தைந்தும் கத்திக்கொண்டிருக்கும்.

வயரைச் செருகவில்லை.
கடதாசியைப் பார்த்து விரலால் அடித்தேன்,
பத்து, இருபது, முப்பது, நாற்பது,
ஐம்பது.

மறுநாள் துண்டைக் கையிலெடுத்த ஹாஜியார்
வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
"இதென்ன புள்ளி?"
"புதுப் பட்டரி, ஹாஜியார்."

என்னைப் பார்த்தார். அதைப் பார்த்தார்.
தராசில் யாரோ சாக்கை இறக்கும் சத்தம்.
"எவ்வளவு?"
"நாலும் நாற்பத்தெட்டு ரூபா."
"அடுத்த முறை," என்றார்,
"மலிஞ்சதாப் பாத்து வாங்கு."