கறுப்பில் மஞ்சள் கோடு

மூன்றுமுறை நின்றது.
மூன்றுமுறையும் அதே இடம்.
வாய்க்கால் பாலம் இறங்கி
எல்லப்புதூர் இட்டேரிக்கு இடதுபுறம் ஒடிக்கிற மூலை.
ஆடியில் ஒருதரம், புரட்டாசியில் ஒருதரம்,
முந்தாநாள் பொழுதோட ஒருதரம்.
இருமல்கூட இல்லை.
பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று வாயை மூடினாற்போல்
அவ்வளவுதான், மேக்ஸ் ஹண்ட்ரட்.

சைடு ஸ்டாண்ட் போட்டு, ப்ளக்கைக் கழற்றி,
எஞ்சின் ரெக்கையில் படவைத்து உதைத்தேன்.
பொறி இல்லை.
இன்னொருதரம் உதைத்தேன்.
வேலியோரம் எருமை ஒன்று
மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.
மதகில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் சொன்னார்:
"அது முனி நிக்கிற எடமுங்க. பேசாம திரும்பிப் போயிருங்க."

திரும்பினேன்.
திரும்பச் சொன்னவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடும் போட்டேன்.
சட்டைக்குள் இடுப்போடு கட்டிய மஞ்சப்பையில்
டவர் காசு.
அப்பன் காட்டின் நடுவில்
மின்சாரக்காரர்கள் நட்ட இரும்புக்குக் கிடைத்த காசு.
பட்டா என் பேரில். பாதி காசு சாமியாத்தாளுடையது.
அவள் கேட்கவில்லை.
பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து
என்னிடம் எதையும் கேட்டதில்லை தங்கச்சி.

வீட்டுக்குத் தள்ளிவந்து சென்டர் ஸ்டாண்ட் போட்டால்
நீலமாய், சொடுக்கென்று, பொறி!
சென்னிமலை ஜமால் புது ப்ளக் போட்டார், கேப் மாற்றினார்,
ஒயரின் நுனியைக் கால் அங்குலம் நறுக்கினார்,
தன் பழைய வண்டியின் சிடிஐயை மாட்டிக் கொடுத்தார்.
நானே மீட்டர் வாங்கி காயிலை அளந்தேன்.
சரி. பிக்கப், சரி.
சரி சரி என்று சொல்லும் முள்ளை
எவ்வளவு நேரம் பார்ப்பது?
"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்ளே," என்றார் ஜமால்.
பிறகு என்னைப் பார்த்தார், கொஞ்சம் கூடுதலாக.

நேற்று ராத்திரி கரண்ட் போயிற்று.
பட்டியில் செம்மறி ஈனுகிற நேரம்.
"வண்டியெ நிறுத்தாம லைட்டெப் போடுங்க" என்றாள் ராசம்பாள்.
வாசலில் நிறுத்தி முறுக்கிக்கொண்டிருந்தேன்.
"இங்கிட்டுங்க, இன்னுஞ் சித்தெ, எடது பக்கம்."
ஹேண்டில்பாரை முழுசாய் ஒடித்தேன்.
நின்றது.
இருட்டு. இருட்டுக்குள் ஆடு.
நேராக்கி உதைத்தேன், பிடித்தது.
ஒடித்தேன், நின்றது.
நேராக்கினேன். ஒடித்தேன்.
"குட்டி தல வந்திருச்சு, என்ன வெளையாட்டு உங்களுக்கு?"

எங்கள் கேட் வலக்கைப் பக்கம்.
மில் கேட்டும் வலக்கைப் பக்கம்.
சைடு ஸ்டாண்டில் சாய்த்தால் மூக்கு தானாக இடதில் விழும்,
சென்டர் ஸ்டாண்டில் நேராய் நிற்கும்.
இத்தனை நாள் முனியைத் தேடியது
பாலத்தடியில்.

விடிந்ததும் ஹெட்லைட்டை அவிழ்த்தேன்.
கழுத்திரும்பை உரசி உரசி
தோல் போன ஒரு ஒயர்.
கறுப்பில் மஞ்சள் கோடு.
எஞ்சினை அணைக்கச் சொல்கிற ஒயர் அது,
சாவி திருப்பினால் மட்டும் பேசவேண்டியது.
இடதில் ஒடித்தால் செம்பு இரும்பைத் தொடும்,
பொறிக்குப் போகவேண்டியது மண்ணுக்குப் போகும்.
அரிசி அகலம்தான் காயம்.

டேப் நாலு சுற்று.
உதைத்தேன். இடது. வலது. மறுபடி இடது,
முட்டுகிற மட்டும் இடது.
நிற்கவில்லை.
ஹேண்டில்பாரை அங்கேயே பிடித்துக்கொண்டு
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். புகை வாசலெல்லாம்.

ராசம்பாள் குட்டியைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.
"சரியாயிருச்சா?"
"ம்."
அலமாரியிலிருந்த மஞ்சப்பையைக் கொண்டுவந்து
டேங்க் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

எஞ்சினை அணைத்தேன்.
எதற்கும் ப்ளக்கை ஒருதரம் கழற்றிப் பார்த்துவிடலாம்.
தொட்டேன்.
சுடுகிறது.
ஆறட்டும்.