தணிகைவேந்தன் தரப்பு

மஹ்பூலா, நாலாவது மாடி, வியாழன் இரவு.
எட்டுப் பேருக்கு ஒரு போன்,
அரிசி டின் மேல் சாய்த்து வைத்தது.

தொடரில் தணிகைவேந்தன்
தம்பி கையெழுத்தைத் தானே போட்டு
வயலை விற்றுவிட்டான்.
எழுதியவர் காரணம் எதுவும் சொல்லவில்லை.
இவர்கள் சொல்கிறார்கள்.

"வட்டி கட்டணும்ல அவனுக்கு" என்கிறான் லூர்துராஜ்,
"ராத்திரி தூங்கியிருக்க மாட்டான், கண்ணப் பாரு."
செய்யது மீரான் பருப்புக் கிண்டுவதை நிறுத்தி
வில்லனுக்கு ஒரு குழந்தையைக் கொடுக்கிறார்,
மூன்று நாள் காய்ச்சலோடு.
மேல்கட்டில்காரன் அதற்குப் பெயரும் வைத்துவிட்டான்,
தன் மகளுடையது.

நல்லவனான தம்பியைப் பற்றிப் பேச்சே இல்லை.
அவனுக்கு யாரும் தேவைப்படவில்லை.

நான் டைம்கீப்பர்.
போன மாதம் இவர்கள் ஓவர்டைமில்
ஆளுக்கு ஆறு மணி நேரம் வெட்டியவன்.
மேலே சொன்னார்கள், வெட்டினேன்.
பேனா என்னுடையதுதான்.

சனிக்கிழமை ஷிப்ட் தாளோடு
வாசலில் நிற்கிறேன், செருப்பைக் கழற்றாமல்.
விளம்பரம் வந்தும்
உள்ளே வாதம் ஓயவில்லை.
தட்டினால் நின்றுவிடும்.

இருக்கட்டும் கொஞ்ச நேரம்.
அந்தப் பிள்ளைக்கு
முதலில் காய்ச்சல் இறங்கட்டும்.